ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரு வைஃபை மேலாளர்: முதல் வரியிலிருந்து போர்ட் வரை

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் லேப்டாப்போடு சித்தப்பா வீட்டுக்குப் போகிறீர்கள். வைஃபை பாஸ்வேர்ட் கேட்டதும் அவர் ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கத் தொடங்குகிறார். நீங்களோ டெர்மினலைத் திறந்து, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) மாறி, எட்சி அடைவில் ஒரு கோப்பை விஐ எடிட்டரில் திறந்து, அடைப்புக்குறி போட்டு, மேற்கோள் போட்டு... "என்னடா, மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டுவிடுகிறார்.

ரிப்பேர் ஒன்றுமில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை நன்றாகவே வேலை செய்கிறது, கையால் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் குறை. லினக்ஸில் 2004இல் ரெட் ஹேட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் இந்தச் சங்கடத்தை எப்போதோ தீர்த்துவிட்டது. ஆனால் அது லினக்ஸுக்கே உரிய நெட்லிங்க், யூடெவ் போன்றவற்றின் மேல் கட்டப்பட்டது. அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போர்ட்ஸ் மரத்தில் (நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள்களின் தொகுப்பு அது; அதில் ஒவ்வொன்றும் ஒரு போர்ட்) வைஃபைஎம்ஜிஆர் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட கோஸ்ட்பிஎஸ்டிக்காரர்கள் பைத்தானிலும் ஜிடிகேயிலும் எழுதிய நெட்வொர்க்எம்ஜிஆர் இருக்கிறது. இரண்டின் மூல நிரலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அப்புறம் நமக்கென்று ஒன்றை எழுதுவோம்.

கட்டளைகளின் பெயரை இங்கே ஒலியாகவே தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கத்தை (கையேட்டை)ப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுதுவது எது, எழுதாதது எது

என் முதல் முயற்சி குப்பைக்குப் போனதற்குக் காரணம், மேலாளர்தான் வைஃபையை இணைக்கிறது என்று நான் நினைத்ததுதான். அது எதையும் இணைப்பதில்லை. ஏற்கெனவே நாலு பேர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, நடந்ததை நடந்தபடி பயனருக்குச் சொல்வதும், பயனர் சொன்னதை அவர்களிடம் கொண்டு சேர்ப்பதும்தான் மேலாளரின் பிழைப்பு. தரகர் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பேர் யார்? முதலில் கார்டின் டிரைவர்: இன்டெல் பழைய கார்டுகளுக்கு ஐடபிள்யூஎன், ஏதெரோஸுக்கு ஏடிஎச், ரியல்டெக்குக்கு ஆர்டிடபிள்யூஎன் என்று போகும். அதற்கு மேலே நெட்80211 என்ற கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடுக்கு. 802.11 நெறிமுறையின் பொதுவான வேலையெல்லாம் இங்கேதான். சாம் லெஃப்லரின் பெரும் உழைப்பு இது. 2009இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 8.0இலிருந்து கார்டை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அதன் மேல் டபிள்யூலேன்0 என்றொரு மெய்நிகர் இடைமுகத்தை உருவாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது ஆள் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், யோவ்னி மாலினன் எழுதிய டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். பாஸ்வேர்ட், கைகுலுக்கல், எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு (வைஃபை தரும் கருவியோடு) சேர்வது என்ற முடிவு எல்லாம் இதன் பொறுப்பு. நான்காவது டிஎச்கிளையன்ட். ஐபி முகவரி வாங்கித் தருவது இது. இவர்களுக்கு நடுவே ஓடியாடிச் செய்தி சொல்லும் டெவ்டி என்றொரு டீமனும் உண்டு.

மேலாளர் தனக்கென்று "இணைந்துவிட்டேன்" என்று ஒரு மாறியை வைத்துக்கொண்டால் அன்றிலிருந்து தொல்லை ஆரம்பம். ரூட்டரின் பிளக்கை யாராவது பிடுங்கியிருப்பார்கள், உங்கள் மாறி மட்டும் இன்னும் "இணைந்துவிட்டேன்" என்று பாடிக்கொண்டிருக்கும். நிலையைச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் வேறு வேறு இடத்தில் சொல்லப்போகிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் ஒருமுறை கையால் செய்து பாருங்கள்

நிரல் எழுதும் ஆசையை அரை மணி நேரம் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் கார்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐஎஃப்கான்ஃபிக் பட்டியலில் தேடாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டி 11இலிருந்து வைஃபை கார்டுகள் அதில் தெரியாது. சிஸ்சிடிஎல் கட்டளையிடம் நெட்.டபிள்யூலேன்.டிவைசஸ் என்ற மதிப்பைக் கேட்டால் ஐடபிள்யூஎன்0 என்பதுபோல் பதில் வரும். காலியாக வந்தால் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். மேலாளர் அந்த நிலையில் "நெட்வொர்க் எதுவும் இல்லை" என்று சொல்லக்கூடாது, "வைஃபை கார்டு கண்டறியப்படவில்லை" என்று சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்.

அடுத்து ஐஎஃப்கான்ஃபிக் மூலம் அந்தக் கார்டின் மேல் டபிள்யூலேன்0ஐ உருவாக்கி, அதை அப் செய்து, ஸ்கேன் கொடுங்கள். சுற்றியுள்ள நெட்வொர்க்குகள் வரிசையாக வரும். பிறகு சப்ளிகன்ட்டைப் பின்னணியில் ஓட விடுங்கள். அதன் கான்ஃபிக் கோப்பின் தலைப்பில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கட்டுப்பாட்டு சாக்கெட் (மற்ற நிரல்கள் அதனோடு பேசும் வாசல்) எந்த அடைவில் இருக்கும், அதை எந்தக் குழு தொடலாம், அப்டேட் கான்ஃபிக் மதிப்பு 1. கடைசியதை மறந்தால் மேலாளரிலிருந்து எதையும் கோப்பில் சேமிக்க முடியாது. "சேவ் கான்ஃபிக்" கட்டளைக்கு வெறுமனே ஃபெயில் என்று பதில் வரும், ஏன் என்று சொல்லாது. எனக்கு இதில் ஒரு மாலை போயிற்று.

டபிள்யூபிஏ சிஎல்ஐ என்ற கருவியில் நுழைந்து ஸ்கேன், ஸ்டேட்டஸ், லிஸ்ட் நெட்வொர்க்ஸ் எல்லாம் தட்டிப் பாருங்கள். நாம் எழுதப்போகும் மேலாளர் இந்தக் கருவிக்கு ஒரு நல்ல சட்டை போட்டதுதான். இணைப்பு வந்ததும் டிஎச்கிளையன்ட்டை ஓட்டி ஐபி வாங்குங்கள்.

கையால் எல்லாம் நடந்த பிறகு ஆர்சி.கான்ஃப் கோப்பில் இரண்டே வரி சேர்த்தால் பூட் ஆகும்போது தானாக நடக்கும். முதல் வரி கார்டுக்கு மேல் எந்த டபிள்யூலேன் என்று சொல்வது. இரண்டாவதில் டபிள்யூபிஏ என்ற சொல்லோடு டிஎச்சிபி அல்லது சிங்க்டிஎச்சிபி என்று எழுத வேண்டும். பல வழிகாட்டிகளில் சிங்க்டிஎச்சிபி என்றே இருக்கும். லேப்டாப்புக்கு அது எனக்குப் பிடிக்காது. வைஃபை இல்லாத இடத்தில் பூட் செய்தால், வராத ஐபிக்காகத் திரை நின்றுகொண்டிருக்கும். வெறும் டிஎச்சிபி போட்டால், சிக்னல் கிடைத்த பிறகு டெவ்டி அந்தச் செய்தியைப் பார்த்து டிஎச்கிளையன்ட்டைத் தட்டி எழுப்பும். நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாம் படி: சப்ளிகன்ட்டோடு பேசுவது

மேலாளரின் இதயம் இதுதான், கொஞ்சம் நின்று போவோம்.

சப்ளிகன்ட் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் வார் ரன் அடைவுக்குள் ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டைத் திறந்து வைக்கிறது. அது டேட்டாகிராம் வகை. டிசிபி மாதிரி குழாய் அல்ல, தபால் மாதிரி. நீங்கள் ஒரு கடிதம் போடுகிறீர்கள், அது பதில் கடிதம் போடுகிறது. பதில் வர வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒரு முகவரி வேண்டுமே! அதனால் நம் பக்கமும் ஒரு சாக்கெட் கோப்பை டெம்ப் அடைவில் பைண்ட் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு "அனுப்பினேன், பதிலே வரவில்லை" என்று தலையில் கை வைத்து உட்காருவது இந்தத் துறையின் ஞானஸ்நானம்.

அந்தக் கோப்பின் பெயரில் ப்ராசஸ் எண்ணைச் சேருங்கள். மேலாளர் பாதியில் செத்துப்போனால் கோப்பு அங்கேயே கிடக்கும், அதே பெயரில் அடுத்த முறை பைண்ட் செய்ய முடியாது. பாதையின் நீளமும் கவனம்: ஃப்ரீபிஎஸ்டியில் யூனிக்ஸ் சாக்கெட் முகவரிக்கு 104 பைட் இடம்தான்.

பைத்தானே இதற்குப் போதும். அதன் சாக்கெட் மாட்யூலில் எல்லாம் இருக்கிறது. முதலில் பிங் என்று அனுப்புங்கள், பாங் என்று வரும். வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது ஒரு முக்கியமான வடிவமைப்பு முடிவு. ஒரு சாக்கெட் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று கேள்வி பதிலுக்கு. இன்னொன்றில் அட்டாச் என்று ஒருமுறை அனுப்பிவிட்டுக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சப்ளிகன்ட்டில் நடப்பதெல்லாம் அதன் வழியாக நிகழ்வுச் செய்திகளாக வரும்: ஸ்கேன் முடிந்தது, இணைந்தது, துண்டித்தது, பாஸ்வேர்ட் சரியில்லை போலிருக்கிறது, நான் அணைந்துபோகிறேன். ஒரே சாக்கெட்டில் இரண்டையும் கலந்தால் நீங்கள் ஸ்டேட்டஸ் கேட்ட நேரத்தில் ஸ்கேன் செய்தி வந்து விழும், அதைப் பதிலென்று நினைத்துப் பிரித்துக் குழம்புவீர்கள். நிகழ்வுச் செய்திகளின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அது முக்கியத்துவ அளவு, வெட்டி எறிந்துவிடலாம்.

சப்ளிகன்ட் நடுவில் மறுபடி தொடங்கப்பட்டால் அட்டாச் செய்ததெல்லாம் போய்விடும். அது சொல்லாமல் செத்திருந்தால் நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். காது திறந்திருக்கும், ஆனால் எதிரில் ஆள் இருக்காது. அதனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை பிங் அனுப்பி, பாங் வராவிட்டால் இரண்டு சாக்கெட்டையும் மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நிகழ்வை மட்டுமே நம்புவதும் தப்பு, விநாடிக்கு விநாடி ஸ்டேட்டஸ் கேட்டுப் பேட்டரியைத் தின்பதும் தப்பு. நிகழ்வு வந்தால் அதை ஓர் அழைப்பு மணியாக மட்டும் எடுத்துக்கொண்டு, உண்மை நிலையை ஸ்டேட்டஸ் கட்டளையால் கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம்.

மூன்றாம் படி: பட்டியல்

ஸ்கேன் என்று அனுப்பினால் ஓகே வரும். அது "முடிந்தது" அல்ல, "ஆரம்பிக்கிறேன்" என்று மட்டும்தான் அர்த்தம். ஏற்கெனவே ஒரு ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் ஃபெயில் பிஸி வரும். அது பிழையல்ல, பொறுத்திருங்கள். முடிந்த நிகழ்வு வந்ததும் ஸ்கேன் ரிசல்ட்ஸ் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் டேப் பிரித்த ஐந்து பகுதி: ஆக்சஸ் பாயின்ட்டின் முகவரி, அலைவரிசை, சிக்னல், பாதுகாப்புக் கொடிகள், பெயர்.

பெயரில்தான் வேடிக்கை இருக்கிறது. வைஃபை பெயர் என்பது எழுத்துகள் அல்ல, அதிகபட்சம் 32 பைட். எந்த பைட்டும் வரலாம். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது உடனே தெரியும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். "நம்மவீடு" 24 பைட், தாராளமாக நுழையும். "அன்பு இல்லம்" என்று வைக்க ஆசைப்பட்டால் 34 பைட் ஆகிறது. 32இல் வெட்டினால் கடைசி மெய்யின் புள்ளி பாதியில் அறுபட்டு, "அன்பு இல்லம" என்பதற்குப் பின்னால் ஓர் அனாதை பைட் தொங்கும். அதைப் பைத்தானில் கண்டிப்பான முறையில் டீகோட் செய்தால் உங்கள் மேலாளர் அந்தத் தெருவிலேயே விழுந்து உயிர்விடும். பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயரால் உங்கள் நிரல் சாகக்கூடாது. பெயரை உள்ளே எப்போதும் பைட்டுகளாகவே வைத்திருங்கள். திரையில் காட்டும்போது மட்டும், சரியில்லாத பைட்டுக்கு மாற்றுக்குறி போட்டு எழுத்தாக்குங்கள்.

சப்ளிகன்ட் இந்தப் பெயர்களை நேராகத் தராது. ஆஸ்கியில் அடங்காத ஒவ்வொரு பைட்டையும் பின்சாய்கோடு, எக்ஸ், இரண்டு பதினறும எண் என்று நான்கு எழுத்தாக்கித் தரும். "நம்மவீடு" அங்கே 96 எழுத்து. அதைத் திரும்பப் பைட்டாக மாற்றும் சிறு செயல்கூற்றை எழுதி, அதற்கு நிறையச் சோதனை போடுங்கள். இதோடு தொடர்புடைய இன்னொரு பொறி: பதிலின் மொத்த அளவு 4096 பைட்டுக்குள் நிற்கும். ஒரு வரிக்குச் சராசரியாக 80 எழுத்து என்றால் ஐம்பது நெட்வொர்க்கோடு கதை முடிந்தது. அடுக்ககங்களில் இது சாதாரணமாகத் தாண்டும். அப்போது உங்கள் வீட்டு நெட்வொர்க்கே பட்டியலில் வராமல் போகலாம். பிஎஸ்எஸ் என்ற கட்டளையால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதுதான் சரியான வழி. முதலிலிருந்தே அதைப் பயன்படுத்திவிடுங்கள்.

சேனல் எண் கணக்கு எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 2412 மெகாஹெர்ட்ஸ் சேனல் 1, அப்புறம் ஐந்தைந்தாக ஏறும். 2437 என்றால் 6. சேனல் 14 மட்டும் தனிக்குடித்தனமாக 2484இல் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 5000ஐக் கழித்து ஐந்தால் வகுங்கள், 5180 என்றால் 36.

சேனல் என்றதும் ஒரு கதை. ஒரு வீட்டில் போன் பிடிக்கிற வைஃபை என் லேப்டாப்பில் மட்டும் தெரியவே இல்லை. டிரைவர், ஆன்டெனா என்று எல்லாவற்றையும் சந்தேகித்தேன். ரூட்டர் சேனல் 13இல் இருந்தது. என் ஐஎஃப்கான்ஃபிக் விவரத்தில் நாடு அமெரிக்கா என்றிருந்தது. அமெரிக்க விதிப்படி அமைந்த கார்டு 12, 13ஐ எட்டிக்கூடப் பார்க்காது. ஆர்சி.கான்ஃபில் கிரியேட் ஆர்க்ஸ் வழியாக நாட்டுக் குறியீட்டைக் கொடுத்து இடைமுகத்தை மறுபடி உருவாக்கியதும் வந்துவிட்டது. மேலாளரின் அமைப்புப் பக்கத்தில் நாடு என்றொரு பெட்டி வைத்தால் இந்தப் புதிர் யாருக்கும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் இடைமுகத்தில் நாட்டை மாற்ற முடியாது, கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும்.

சிக்னலுக்கு வருவோம். டிபிஎம் கணக்கில் எதிர்மறை எண் வரும். -50 அருமை, -70 சுமார், -80க்குக் கீழே ஆண்டவன் விட்ட வழி. சப்ளிகன்ட் வழியாகப் போகாமல் கர்னலிடம் நேரடியாகக் கேட்டால் வரும் எண் வேறு மாதிரி: இரைச்சல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு என்பதை அரை டெசிபல் படிகளில் சொல்லும். அந்த 70ஐ எழுபது விழுக்காடு என்று காட்டிய மேலாளர்கள் உண்டு. நானும் காட்டியிருக்கிறேன்.

ஒரே பெயரில் பல ஆக்சஸ் பாயின்ட் இருந்தால் ஒரே வரியாகச் சேர்த்து, வலுவான சிக்னலை மட்டும் காட்டுங்கள். ஆனால் பெயர் மட்டும் ஒத்தால் போதாது, பாதுகாப்பு வகையும் ஒக்க வேண்டும். பாஸ்வேர்ட் உள்ள வீட்டு நெட்வொர்க்கின் பெயரிலேயே திறந்த நெட்வொர்க் ஒன்று இருந்தால் அது சந்தேகப்பட வேண்டிய ஆள், இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். சிக்னல் மாறும்போதெல்லாம் வரிசையையும் மாற்றாதீர்கள். கிளிக் செய்யப்போகும் நொடியில் வரி நழுவி, பக்கத்து வீட்டு நெட்வொர்க்கில் விரல் விழுவதைவிட எரிச்சல் வேறில்லை.

நான்காம் படி: சேர்வது

ஆட் நெட்வொர்க் அனுப்பினால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு செட் நெட்வொர்க் கட்டளையால் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பெயரை மேற்கோளுக்குள் எழுதாமல் பதினறும எண்ணாக எழுதுங்கள். மேற்கோள், புதிய வரி, தமிழ், அறுபட்ட பைட் எல்லாம் அதில் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

பாஸ்வேர்ட் 8 முதல் 63 ஆஸ்கி எழுத்து. அதற்குக் குறைந்தால் அனுப்புவதற்கு முன் திரையிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பில் பாஸ்வேர்ட் அப்படியே கிடப்பது பிடிக்காவிட்டால், பிபிகேடிஎஃப்2 முறையில், நெட்வொர்க் பெயரையே உப்பாகப் போட்டு 4096 சுற்று ஓட்டி, 64 பதினறும எழுத்துள்ள சாவியாக்கிச் சேமிக்கலாம். பைத்தானின் ஹேஷ்லிப்பில் ஒரே வரி. ஆனால் இதைப் பெரிய பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்தாதீர்கள். அந்தச் சாவி கையில் இருந்தாலே அந்த நெட்வொர்க்கில் நுழைந்துவிடலாம். அதே பாஸ்வேர்டை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் அது வெளியே தெரியாது, அவ்வளவுதான் லாபம். வைஃபை பாதுகாப்பின் புதிய பதிப்பான டபிள்யூபிஏ3இன் எஸ்ஏஇ முறைக்கு இந்தச் சாவி உதவாது, அசல் பாஸ்வேர்டே வேண்டும். மறைந்த நெட்வொர்க் என்றால் ஸ்கேன் எஸ்எஸ்ஐடி மதிப்பை 1 ஆக்க வேண்டும்.

அப்புறம் செலக்ட் நெட்வொர்க். இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. செலக்ட் என்றால் "இதில் சேர், மற்ற எல்லாவற்றையும் முடக்கு" என்று அர்த்தம். சேர்ந்த கையோடு சேவ் கான்ஃபிக் அனுப்பினால், மற்ற நெட்வொர்க்குகள் முடக்கப்பட்ட நிலையிலேயே கோப்பில் எழுதப்படும். விருந்தாளி வீட்டில் எல்லாம் ஜோராக இருக்கும். சொந்த வீட்டுக்குத் திரும்பியதும் லேப்டாப் வீட்டு வைஃபையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இணைந்த நிகழ்வு வந்த பிறகு எனேபிள் நெட்வொர்க் ஆல் அனுப்பி, அதற்குப் பிறகுதான் சேமியுங்கள். இணைப்பில் இருக்கும்போது மற்றவற்றை எனேபிள் செய்வதால் இருக்கும் இணைப்பு அறுபடாது. சேர முடியாமல் போனால் புதிதாகச் சேர்த்த எண்ணை ரிமூவ் செய்துவிட்டு எல்லாவற்றையும் எனேபிள் செய்யுங்கள். தவறான பாஸ்வேர்டுகள் கோப்பில் குவிந்து கிடக்க வேண்டியதில்லை.

தவறான பாஸ்வேர்ட் என்பதே ஒரு ஊகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. டபிள்யூபிஏ2இல் "உன் பாஸ்வேர்ட் தப்பு" என்று ரூட்டர் சொல்வதில்லை. நான்கு கட்டக் கைகுலுக்கலில் இரண்டாவது செய்தியின் முத்திரை பொருந்தாவிட்டால் அது பேசாமல் இருந்துவிடுகிறது, கடைசியில் நேரம் முடிந்து துண்டிக்கிறது. சிக்னல் மோசமாக இருந்து செய்தி தொலைந்தாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். இதனால்தான் சப்ளிகன்ட்டும் ராங் கீ என்ற காரணத்தோடு அந்த நெட்வொர்க்கைச் சில விநாடி ஒத்திவைக்கிறதே தவிர, அடித்துச் சொல்வதில்லை. நீங்களும் "பாஸ்வேர்ட் தவறாக இருக்கலாம்" என்றே எழுதுங்கள். சிக்னல் -80 பக்கம் இருந்தால் "சிக்னலும் குறைவாக உள்ளது" என்று சேருங்கள். சித்தப்பா மூன்றாம் முறை ரூட்டரைத் திருப்பிப் படிப்பது மிச்சமாகும்.

ஐந்தாம் படி: இணைந்த பிறகும் இணையாதது

சப்ளிகன்ட்டின் நிலை கம்ப்ளீட்டட் என்று வந்ததும் பச்சை விளக்கைப் போட்டுவிட்டால் நம் வேலை பாதியில் நிற்கிறது. அது சொல்வது ரூட்டரோடு சாவி ஒத்துப்போயிற்று என்பதை மட்டும்.

அதற்குப் பிறகு ஐபி வர வேண்டும். ஐஎஃப்கான்ஃபிக்கில் முகவரி வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் "சேர்ந்துவிட்டது, முகவரிக்காகக் காத்திருக்கிறது" என்று சொல்லுங்கள். டிஎச்கிளையன்ட்டை நீங்களே ஓட்ட வேண்டாம். டெவ்டி ஓட்டும். இரண்டு பேரும் ஓட்டினால் அடிதடி. அடுத்து இயல்புப் பாதை (வெளியே போகும் வழி) இருக்கிறதா, ரிசால்வ்.கான்ஃபில் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) இருக்கிறதா என்று பாருங்கள். ஈதர்நெட்டும் செருகியிருந்தால் இயல்புப் பாதை அந்தப் பக்கம் போகலாம். அப்போது வைஃபை விளக்கைப் பச்சையாகக் காட்டிப் பயனில்லை.

விடுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் இருக்கும் நுழைவுப் பக்கம் தனி வகை. ஐபி வரும், டிஎன்எஸ் வரும், எதைத் திறந்தாலும் "அறை எண்ணைக் கொடு" என்று நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, 204 என்ற காலிப் பதில் தரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு முகவரியைச் சாதாரண எச்டிடிபியில் கேளுங்கள். 204 வந்தால் வழி திறந்திருக்கிறது. 302ஓ, 200ஓ வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார்கள். எச்டிடிபிஎஸ் வேண்டாம். நடுவில் நிற்பவரால் அதற்குள் புகுந்து பதில் தர முடியாது, உங்களுக்குச் சான்றிதழ்ப் பிழைதான் கிடைக்கும். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 இதையே நாகரிகமாகச் செய்ய வழி தருகிறது. நுழைவுப் பக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டிய ஏபிஐயின் முகவரியை டிஎச்சிபியின் 114ஆம் தெரிவிலேயே சொல்லிவிடலாம். சொல்கிற இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள், சொல்லாத இடத்துக்குப் பழைய முறை. சோதனை எந்த முகவரிக்குப் போகிறது என்பதைப் பயனர் மாற்றவும் நிறுத்தவும் வசதி கொடுங்கள். ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒரு மூன்றாம் ஆளுக்குத் தகவல் போகிறது என்பது சிலருக்குப் பிடிக்காது, அது நியாயம்தான்.

ஆறாம் படி: ரூட் அதிகாரம்

முழு மேலாளரையும் ரூட்டாக ஓட்டுவது சுலபம், செய்யாதீர்கள். ஒரு வரைகலை நிரல் முழுவதும், அதன் எழுத்துரு நூலகம், பட நூலகம் உட்பட, ரூட்டாக ஓட வேண்டிய காரணமே இல்லை. சப்ளிகன்ட்டின் சாக்கெட்டைத் தொடும் குழுவில் பயனரைச் சேர்த்துவிட்டால் ஸ்கேன், சேர்தல், சேமித்தல் எல்லாம் சாதாரணப் பயனராகவே நடக்கும். கான்ஃபிக் கோப்பை எழுதுவது சப்ளிகன்ட், அது ஏற்கெனவே ரூட். அதனால் கோப்பு 600 அனுமதியோடு பூட்டியே இருக்கட்டும்.

மிச்சமிருப்பது இடைமுகத்தை உருவாக்குவது, நாட்டை மாற்றுவது, ஆர்சி.கான்ஃபைத் திருத்துவது. இவற்றுக்கு மட்டும் ஒரு சின்னத் துணை நிரல் எழுதி, ரூட் அதிகாரத்தை அளந்து கொடுக்கும் சூடோ அல்லது டுஆஸ் வழியாக அனுமதி கொடுங்கள். அந்த நிரல் நாலைந்து சொல்லை மட்டும் புரிந்துகொள்ளட்டும், எந்தக் கட்டளையையும் ஓட்டித் தருகிற வேலைக்காரனாக வேண்டாம். ஆர்சி.கான்ஃபை நேரடியாகத் திருத்தாமல் சிஸ்ஆர்சி கருவியைப் பயன்படுத்துங்கள். எந்த இடத்திலும் நெட்வொர்க் பெயரை ஷெல் கட்டளையோடு ஒட்டி ஓட்டாதீர்கள். அந்தப் பெயர் உங்களுடையதல்ல, தெருவில் போகிற எவரும் வைக்கக்கூடியது. மேற்கோளும் அரைப்புள்ளியும் வைத்து ஒருவர் தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயரிட்டால், அது உங்கள் கணினியில் கட்டளையாக ஓடிவிடக்கூடாது.

ஏழாம் படி: முகம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ட்ரேயில் ஒரு படம், கிளிக் செய்தால் பட்டியல், பாஸ்வேர்ட் பெட்டி ஒன்று. பாஸ்வேர்டைத் திறந்து பார்க்கக் கண் பொத்தான் கட்டாயம் வையுங்கள். சாக்கெட் வேலையை முகம் இருக்கும் த்ரெட்டில் செய்யாதீர்கள், பதில் தாமதமானால் சாளரமே உறைந்துவிடும். சொற்களைத் தொடக்கத்திலிருந்தே கெட்டெக்ஸ்ட்டில் போட்டுவிட்டால் மொழிபெயர்ப்பு பின்னால் சுலபம். பொத்தான்களுக்கு அகலத்தை நிலையாக வைக்காதீர்கள். மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் "மீண்டும் முயல்க" வந்து உட்காரும்.

எட்டாம் படி: உடைத்துப் பார்ப்பது

உண்மையான ரூட்டரை வைத்துச் சோதித்தால் நல்ல நாளில் நடப்பது மட்டுமே தெரியும். முதலில் போலி சப்ளிகன்ட் ஒன்று எழுதுங்கள்: ஒரு டேட்டாகிராம் சாக்கெட், வரும் சொல்லுக்கு நீங்கள் விரும்பும் பதில். நூறு வரி ஆகாது. அதைக் கொண்டு 200 நெட்வொர்க் தரலாம், பெயரில் டேப் வைக்கலாம், பதிலே தராமல் முரண்டு பிடிக்கலாம், நடுவில் செத்துப்போகலாம்.

அப்புறம் நிஜம். பழைய ஏதெரோஸ் கார்டுள்ள இன்னொரு ஃப்ரீபிஎஸ்டி கணினி இருந்தால், அடிப்படை அமைப்போடு வரும் ஹோஸ்ட்ஏபிடி கொண்டு அதையே ஆக்சஸ் பாயின்ட்டாக்கலாம். இணைப்பில் இருக்கும்போது பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள். யூஎஸ்பி வைஃபை டாங்கிளை ஓடும்போதே பிடுங்குங்கள். டெவ்டியின் சீக்பேக்கெட் சாக்கெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் சாதனம் வந்ததற்குக் கூட்டல் குறியோடும் போனதற்குக் கழித்தல் குறியோடும் வரி வரும். மூடியை மூடி உறங்கவைத்து, வேறொரு வீட்டில் திறவுங்கள். விழித்ததும் பழைய பட்டியலைக் காட்டாமல் புதிதாக ஸ்கேன் செய்கிறதா?

கார்டே ஒத்துழைக்காதவர்களும் வருவார்கள். புதிய இன்டெல் கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவரை லினக்ஸ்கேபிஐ என்ற இணைப்பு அடுக்கு வழியாகக் கொண்டுவந்த ஐடபிள்யூஎல்வைஃபை 13.1இலிருந்து இருக்கிறது. அதுவும் போதாதவர்கள் வைஃபைபாக்ஸ் என்ற ஏற்பாட்டில் பீஹைவ் என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் குட்டி லினக்ஸ் ஒன்றை ஓட்டி, கார்டை அதனிடம் கொடுத்துவிடுகிறார்கள். வைஃபைக்காக வீட்டுக்குள் ஒரு வாடகைக் குடித்தனம்! அந்தக் கணினியில் டபிள்யூலேன்0 இருக்காது. சப்ளிகன்ட் சாக்கெட்டின் பாதையை அமைப்பில் மாற்ற வசதி வைத்தால் அவர்களுக்கும் ஓரளவு உதவலாம்.

வெளியிடுவது

உரிமம் இரண்டு விதி பிஎஸ்டி போட்டால் இந்த ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகும். போர்ட் செய்ய ஒரு மேக்ஃபைல், விவரக் கோப்பு, நிறுவப்படும் கோப்புகளின் பட்டியல் வேண்டும். போர்ட்லின்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டிக் குறை தீர்த்து, பூட்ரியர் என்ற கட்டும் கருவியில் சுத்தமான சூழலில் கட்டிப் பார்த்து, ஃப்ரீபிஎஸ்டியின் புகார்ப் பதிவேடான பக்சில்லாவில் புதிய போர்ட் என்று இடுங்கள். பூட்ரியர் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தைச் சார்புப் பட்டியலில் எழுத மறந்திருப்பீர்கள். அது அங்கேதான் பிடிபடும்.

வெளியிடும் முன் இன்னும் ஒரு பொத்தான் சேருங்கள்: "நிலையை நகலெடு". கார்டுப் பெயர், ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு, சப்ளிகன்ட்டின் ஸ்டேட்டஸ், கடைசி ஐம்பது நிகழ்வு, ஐபி, இயல்புப் பாதை எல்லாம் கிளிப்போர்டுக்கு வரட்டும். பாஸ்வேர்ட், சாவி, கார்டின் முகவரி ஆகியவற்றை அழித்துவிட்டுத்தான். "வைஃபை வரவில்லை" என்ற ஒற்றை வரிப் புகார் முதல் வாரத்திலேயே வரும். அப்போது கேட்க வேண்டிய பத்துக் கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.